முப்பத்தெட்டு

பிப்ரவரி. வடக்கு மெய்ன். காலை ஐந்தரை.
தலை நிறைய ஷாம்பூ நுரையோடு நிற்கையில்
சொல்லாமல் கொள்ளாமல் நின்றது தண்ணீர்.
குழாய் ஒருமுறை இருமியது, அவ்வளவுதான்.

வாசல் பனியை அள்ளிச் சட்டியில் உருக்கினேன்.
ஒரு வாளிப் பனிக்கு ஒரு குவளைத் தண்ணீர்.
கட்டுப்படியாகாத கணக்கு.

மதியம் டெல்வின் மிஷோ வந்தார்.
"பம்பு போட்டு எத்தனை வருஷம்?"

நிலவறைத் தொட்டியின் நெற்றியில்
மார்க்கர் பேனாவில் ரெனோவின் கோணல் எழுத்து:
2004 மே. 210 அடி. அரைக் குதிரைத்திறன்.
அதன் கீழே
அக்டோபர் 38. அக்டோபர் 38. அக்டோபர் 38.
எண்ணினேன், பன்னிரண்டு அக்டோபர்கள்.
அப்புறம் வெறும் நீல இரும்பு.

அப்புறம் அவன் கரிபூவில் வேறொருத்தி வீட்டுக்குப் போனான்.
நாய் யாருக்கு, பனியள்ளும் எந்திரம் யாருக்கு,
வக்கீல் வைத்துப் பேசினோம்.
அக்டோபர் யாருக்கு என்று
ஒருவரும் கேட்கவில்லை.

கறுப்புக் குழாயைத் தோளில் போட்டு
முற்றம் தாண்டி, வேலி தாண்டி,
உருளைக்கிழங்கு வயலின் பனிமேல் நடந்தேன்.
"இன்னும் போ, இன்னும்" என்று பின்னால் டெல்வின்.
இவ்வளவு தூரமா ஏறி வந்தது
ஒவ்வொரு காப்பிக்கும்?

கடைசியில் வெளியே வந்தது மூன்றடி எஃகு.
கீறலில்லை. உள்ளே மோட்டார் கருகியிருந்தது.
"வயசானதால போகலை" என்றவர்
தொட்டியின் மேல்பாதியை விரலால் சுண்டினார்.
டங்கென்று ஒலிக்க வேண்டிய இடம்
மொத்தென்றது.
"ரப்பர் பை கிழிஞ்சு காத்தே இல்ல.
நீ கை கழுவினாலும் அது எழுந்து ஓடணும்.
டிக் டிக்னு கேட்டிருக்குமே?"

கேட்டது. இரண்டு குளிர்காலம்.
ஒற்றை ஆள் இருக்கும் வீடு
இப்படித்தான் முனகும் போல என்று
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

புதுப் பம்பு, புதுத் தொட்டி, மூன்று தவணை.
டயர் காற்று பார்க்கும் கேஜ் ஒன்றையும்
ஒன்பது டாலர் போட்டு பில்லில் சேர்த்தார்.

அவர் போன பிறகு
மின்சாரத்தை அணைத்து, தொட்டியை வடித்து,
கேஜை வால்வில் அழுத்தினேன்.
குச்சி வெளியே நீண்டு நின்ற எண்ணை
வெற்று நெற்றியில் எழுதினேன்.
என் எழுத்தும் கோணல்தான்.

மேலே போய்
காலையில் விட்ட தலையை
நெடுநேரம் அலசினேன்.
கீழே
ஒரே ஒரு டிக்.