வலப்பக்கம்

அப்பென்டிக்ஸ் என்றுதான் ஓட்டோவில் ஏறினேன்.
ஸ்கேன் வேறு சொன்னது:
பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள்,
பழைய சைக்கிள் டியூப் புடைக்குமே, அப்படி.
ஒன்றில் சீழ்.

புறக்கோட்டையில் இருபத்தேழு வருஷம் அதே கதிரை.
காலையில் ரோஸ் பாண், இரவில் கொத்து,
கீரை என்று சொன்னால்
கொத்துக்குள் கிடக்கும் லீக்ஸ்தான்.
சிகரெட்டை நாலு என்றேன். ஏழு.
தண்ணி குடிப்பதில்லை,
கடைக்குக் கக்கூஸ் நாலாம் மாடியில்.

“பாதி உங்கட பழக்கம்” என்றா டொக்டர் ஷிஃபானா,
“பாதி ரத்தம். குடும்பத்தில ஆருக்கும்?”

அப்பா வயிற்றைப் பொத்திக்கொண்டு செத்தது
ஒரு ஊரடங்கு இரவில்.
நோய்க்குப் பேர் சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

மிச்சம் தம்பி.
கொட்டாஞ்சேனை வீட்டை
நில அளவையாளரை வைத்து அடி அடியாய்ப் பிரித்தோம்,
கிணற்றுக்கு மட்டும் இரண்டு வழக்கு.
ஆறு வருஷம் பேச்சில்லை.
இந்தச் சொத்து உறுதியில் எழுதப்படவில்லை.

சேலைன் ஏறும் கையால் எண்ணை அழுத்தினேன்.
“குகபாலன், நான்தான்.”
வழக்கென்று நினைத்திருப்பான், மூச்சை இறுக்கினான்.
சொன்னேன்: பை, சீழ், அப்பா.

அந்தப் பக்கம்
பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து ஓய்ந்தது.
பிறகு, மெல்ல,

“எந்தப் பக்கம் அண்ணை நோகுது?”