ஒருத்திக்கு உப்பு

எங்கள் ஐந்து பேருக்கும் பிறந்தநாள் ஜூன் ஒன்று.
பல்லைப் படம் எடுத்துப் பார்த்து
பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன வயதுக்கு
இல்லத்தில் வைத்த தேதி.
அதனால் ஒரே காலையில்
ஐந்து பேருக்கும் பதினெட்டு முடிந்தது.

ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.
ஃபைலை மட்டும் நனைய விடாதே என்றார்கள்.
மழையே இல்லாத மாதம் அது.

வில்லாபுரத்தில் மாடி அறை.
சொந்த ஊர் எதும்மா, வீட்டுக்காரர் கேட்டார்.
மதுரைதான்.
மதுரையில எங்க?
மாட்டுத்தாவணி என்று வாயில் வந்துவிட்டது.
அது பஸ் ஸ்டாண்டுல்ல?
ஆமாம், நானும் அங்கே ஒரு ராத்திரிதான் இருந்தேன்
என்று சொல்லாமல்
சாவியை வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ரசம் வைத்தேன்.
அறுபது பேருக்கு உப்புப் போடத் தெரியும் எனக்கு.
இரண்டு கை அள்ளி, மேலே கொஞ்சம்.
ஒருத்திக்கு எவ்வளவு?
அறுபதால் வகுத்துப் பார்த்தேன்,
கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள்.
ரசம் கரித்தது.

இல்லத்தில் ஒன்பது மணிக்கு விளக்கு தானாக அணையும்.
இங்கே பன்னிரண்டு வரை எரிந்தது.
அணைக்க வேண்டியது நான்தான் என்று
உறைக்க அவ்வளவு நேரம்.

பாலிடெக்னிக்கில் கட்டணம் இல்லை, கடிதம் இருந்தது.
அந்தக் கடிதத்தை
வகுப்புக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தார் கிளார்க்.
மூன்றாவது பெஞ்சு அன்றிலிருந்து
என்னிடம் பேனாகூடக் கடன் கேட்கவில்லை.
உதவித்தொகை ஆவணியில்தான் வந்தது.
ஆனியும் ஆடியும் ஜெராக்ஸ் கடையில் நின்றேன்,
பிறருடைய பிறப்புச் சான்றிதழ்களை
முன்னும் பின்னும் நகல் எடுத்துக்கொண்டு.

பொங்கலுக்கு வீட்டுக்காரர் கேட்டார்:
ஊருக்குப் போகலையா?
பையில் இரண்டு துணியைத் திணித்துக் கிளம்பினேன்.
பை வைத்திருந்தால்
மாட்டுத்தாவணியில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.
ராஜபாளையம் தென்காசி செங்கோட்டை என்று
யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.
பருத்திப்பால் ஒரு டம்ளர்.
கரும்போடு ஏறியவர்கள், கைக்குழந்தையோடு ஏறியவர்கள்.
எந்த நடைமேடை என்று ஃபைலில் இருக்கிறது.
அந்தப் பக்கம் போகவில்லை.
இரவு பத்துக்குத் திரும்பினேன்.
ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?
கூட்டந்தான் என்றேன்.

கப்பலூர் கம்பெனி நேர்காணலுக்கு முந்தின நாள்
இல்லத்து அலுவலகத்திலிருந்து அம்சவேணி அக்கா வந்து
படிக்கட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.
உன்னைப் பத்திச் சொல்லு.
பாண்டிச்செல்வி என்றேன்.
அந்தப் பெயரையும்
ஒரு பெண் போலீஸ்தான் வைத்தாராம் என்றேன்.
அக்கா மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார்:
கதை வேணாம். மோட்டார் வைண்டிங் சொல்லு.
சொன்னேன். மூன்று முறை.
நாலாவது முறை அக்காவே
ஸ்டேட்டர், ரோட்டர் என்று கூடச் சொன்னார்.

படிவத்தில் குடும்ப உறுப்பினர் எத்தனை பேர் என்றிருந்தது.
அறுபத்திரண்டு என்று எழுதினேன்.
மேசைக்குப் பின்னாலிருந்த பெண்
ஆறை அடித்து இரண்டை வைத்துக்கொண்டார்.
நானும் இன்னொருவரும்.
யார் அந்த இன்னொருவர் என்று
பஸ்ஸில் திருப்பரங்குன்றம் வரைக்கும் யோசித்தேன்.
வேலை கிடைத்தது.

போன வாரம் ஜூன் ஒன்று.
தேனி ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசிந்தா வந்தாள்,
நைட் டூட்டி கண்ணோடு.
திருப்பூரிலிருந்து ருக்குமணி.
பேச்சிக்கிளி போலீஸ் தேர்வில் இரண்டாம் முறையும் போய்விட்டு
ஓட்டம் மட்டும் விடவில்லை, வில்லாபுரத்துக்கும் ஓடியே வந்தாள்.
முத்தரசி எண் அணைந்து எட்டு மாதம்.
கோயம்புத்தூர் மில் விடுதியில் கேட்டால்
அப்படி யாரும் இல்லை என்கிறார்கள்.
அம்சவேணி அக்காவின் நோட்டில்
அவள் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை, பார்த்தேன்.

ரசம் வைத்தேன்.
நான்கு பேர் உட்கார்ந்தோம்.
உப்பு கொஞ்சம் தூக்கலோ என்றாள் ஜெசிந்தா.
ஐந்து பேருக்குப் போட்டது,
இருக்கட்டும் என்றேன்.