நிகழ்ச்சி நிரல் காலி

மின்தூக்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம்,
ஐந்து பேர், ஐந்து ஊர்களில்.
எங்கோ ஒரு கட்டடத்தில்
நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
யாராவது மாட்டிக்கொண்டால்
எங்கள் திரையில் ஒரு புள்ளி சிவக்கும்.
மற்றபடி எங்களுக்குள்ளும் மின்தூக்கி வழக்கம்தான்:
ஒரே திசை பார்த்து நிற்பது,
எண் மாறுவதை அண்ணாந்து பார்ப்பது,
கதவு திறந்ததும் போய்விடுவது.

"குழு ஒட்டவில்லை" என்றார் உர்மாஸ்.
"மாதம் ஒரு மணி நேரம். கலகலப்பாக ஏதாவது செய்."
இந்த வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம்
கூட்டத்தில் ஒருமுறை நான் சிரித்துவிட்டதுதான்.

முதலில், நேரம்.
எனக்குத் தார்த்துவில் மாலை நான்கு; ஜன்னலில் கும்மிருட்டு.
வால்டொமீருவுக்குப் பெலோட்டாஸில்
முற்பகல் பதினொன்று; மின்விசிறிக் காற்று.
ஓட்னிக்கு ஐஸ்லாந்தில் மதியம் இரண்டு.
தெல்மா ஹாலிஃபாக்ஸில் காலை பத்து மணிக்கு
இன்னும் தலை வாரியிருக்க மாட்டாள்.
உலான்பாத்தரில் எங்க்ஜினுக்கு இரவு பத்து.
ஒருவர் தூக்கத்தைக் கிள்ளாமல்
இன்னொருவர் தொட்டிலை ஆட்ட முடியவில்லை.

அக்டோபரில் வினாடி வினா.
உலகத் தலைநகரங்கள் அத்தனையும்
தெல்மாவுக்குத் தெரிந்திருந்தது.
நாங்கள் நால்வரும் அவள் ஜெயிப்பதை
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தோம்.
பரிசாகப் பீட்சா கூப்பன்.
அந்தக் கடை அவள் ஊரில் இல்லை.

நவம்பரில் தொப்பி.
"வேடிக்கையான தொப்பி அணிந்து வரவும்."
அழைப்பைக் கடைசிவரை படித்தவர் வால்டொமீரு மட்டும்.
காகிதக்கூழில் செய்த அன்னாசிப்பழம்,
இலையெல்லாம் நிமிர்ந்து.
நாற்பது நிமிடம், கழற்றவே இல்லை மனுஷர்.
(இதை யாரிடமும் சொன்னதில்லை:
என் தொப்பி என் மடியில் இருந்தது.
மற்றவர் தலைகளைப் பார்த்ததும்
மேசைக்கடியில் தள்ளிவிட்டேன்.)

டிசம்பரில் உடம்பு சரியில்லை என்று பொய்.

ஜனவரியில்
"நீங்கள் ஒரு காய்கறியானால் எந்தக் காய்கறி?"
என்று தட்டச்சிட்டேன்.
அழித்தேன்.
"கைவேலை ஏதாவது எடுத்து வாருங்கள்.
பேசுவது கட்டாயமில்லை."
அனுப்பிவிட்டு, கடையில் இரண்டு கிலோ பீட்ரூட் வாங்கினேன்.

ஓட்னி மீன் செதில் சீவினாள்.
தெல்மா துணி மடித்தாள்; ஒற்றைக் காலுறைகள் தனிக் குவியல்.
வால்டொமீரு சைக்கிள் சங்கிலியைத்
துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.
எங்க்ஜின் மகனின் கையுறையில்
பெருவிரல் ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.
பதினோரு நிமிடம். கடிகாரத்தில் பார்த்தேன்.
சரக், சரக் என்று செதில் மட்டும்.

பிறகு எங்க்ஜினின் சதுரம் கறுத்தது.
"மின்சாரம் போய்விட்டது" என்றது கறுப்பு.
"கணினியில் உயிர் இருக்கிறது. போன் வழியே இணைந்திருக்கிறேன்.
போகாதீர்கள், இன்னும் நாலு தையல்தான்.
காலையில் பள்ளிக்கு இது வேண்டும். வெளியே மைனஸ் முப்பது."

தெல்மா தொண்டையைச் செருமினாள்.
மாட்டிக்கொண்டவர்களுக்காக நாங்களே எழுதிய அறிவிப்பை
அந்த மரக்கட்டைக் குரலிலேயே சொன்னாள்:
"பதற்றம் வேண்டாம். இணைப்பில் இருக்கிறோம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
வால்டொமீரு எழுந்து போனார்.
திரும்பி வந்து கேமராவுக்கு முன்னால்
ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்தார்,
திரை முழுக்கத் தட்டு.
ஓட்னி ஐஸ்பெட்டியைத் திறந்து கணினியை அதற்குள் காட்டினாள்.
தெல்மா ஒரு படுக்கை விரிப்பை.
நான் பீட்ரூட் சாயம் வழியும் கையால்
அச்சுத்தாள் ஒன்றை ஏந்தினேன், பாதி சிவந்துபோய்.

கறுப்பில் மெல்ல ஒரு மூக்கு தெரிந்தது.
ஊசி.
நூலைப் பல்லால் கடிக்கும் வாய்.
நாலு தையல் என்றவள் ஒன்பது போட்டாள்.
அதுவரை ஒருவரும் கையை இறக்கவில்லை.

மறுநாள் உர்மாஸின் படிவம்.
செலவு: பீட்ரூட்டை எழுதவில்லை.
பங்கேற்பு, ஒன்று முதல் ஐந்துக்குள்:
கட்டத்தைத் திறந்தேன், மூடினேன்,
ஏதோ ஒன்றை அழுத்தினேன்.

பிப்ரவரி அழைப்பு அனுப்பியாயிற்று.
முன்போலத்தான். கீழே ஒரு வரி கூடுதல்:
வால்டொமீரு, அந்த அன்னாசி இன்னும் இருக்கிறதா?
என்னிடமும் ஒன்று இருக்கிறது.