தலைமாட்டில் எழுபத்தைந்து

வரைபடத்தில் ஐந்தாம் மாடிக்குச்
'சரக்கறை' என்று பெயர்.
சரக்கு என்றால்
முப்பத்தொரு பாய்,
முப்பத்தொரு தகரப்பெட்டி,
ஜன்னல் கம்பியில் சொருகிய
பல்துலக்கும் பிரஷ் முப்பது.
யாரோ ஒருத்தி இன்னும் வாங்கவில்லை.

ஜன்னல் உயரத்துக்கு ஓடுகிறது
ஐந்து ரோட்டு மேம்பாலம்.
அதற்கப்பால் சேர்வராயன் சரிவில்
மாசி மாதக் காட்டுத்தீ
மெல்லிய சிவப்புக் கோடாய் ஊர்கிறது.
நானும் இதயதுல்லாவும் ஏணியை விரித்தோம்.
எங்களுக்குக் கீழே நான்கு மாடியும்
பட்டு, பாலியஸ்டர், குழந்தையுடுப்பு:
நெருப்புக்கென்றே மடித்து அடுக்கியதுபோல்.

எங்கள் கோடும் சிவப்புதான்.
கேபிளுக்குத் தனிக் குழாய்.
லிஃப்டுக்கும் ஏசிக்கும் போகிற வயரோடு
சேர்த்துப் படுக்கவைத்தால்
பெரிய மின்சாரத்தின் முணுமுணுப்பு
சின்னதன் காதில் விழும்.
பேனலுக்கான கிளையை
மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்தோம்.
தீயணைப்பு வண்டி வந்ததும் முதலில்
கட்டிடத்தின் கரண்டைத்தான் வெட்டுவார்கள்.
அப்போதும் இது பேசவேண்டும்.
அதுவும் செத்தால் பேட்டரி,
ஒரு பகல், ஒரு இரவு விழித்திருந்து
அதன் பிறகும் அரைமணி கத்த மூச்சு.

கண்ணாடி உடைக்கும் பெட்டி
தரையிலிருந்து ஒரு மீட்டர் நாற்பது.
"எட்டுதா பாரு" என்றேன்.
அரூர்க்காரி பூங்காவனம்
குதிகால் தூக்காமல் தொட்டாள்.
"ஒடச்சா சம்பளத்துல பிடிப்பாங்களாக்கா?"
விதிப்புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

சமையல் மூலைக்குப் புகைக்கருவி வேண்டாம்,
வெப்பக்கருவி போடு,
தோசைக்கல் தினமும் ஊரைக் கூட்டும் என்று
புத்தி சொன்ன நானே
முதலாளி அறையை மறந்தேன்.
வெள்ளிக்கிழமை. சாம்பிராணி.
நாலு மாடியும் அலற
முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஓமலூர்க் குடும்பம்
தாம்பாளத்தோடு தெருவில் நின்றது.
மேனேஜர் துரைசிங்கம் அன்றிலிருந்து
என்னைப் பார்த்தாலே மூக்கைத் தேய்ப்பார்.

கடைசி டிடெக்டரின் வயிற்றுக்குள்
அரிசியளவு ரெசிஸ்டர்.
பேனலிலிருந்து கிளம்பும் துளி மின்சாரம்
ஒவ்வோர் அறையாய் எட்டிப் பார்த்து
அதைத் தொட்டுத் திரும்பும்.
திரும்பாவிட்டால் மஞ்சள் விளக்கு,
எங்கேயோ அறுந்திருக்கிறது.
முக்கால்வாசி நேரமும்
நெருப்பைத் தேடுகிற வேலையே இல்லை இது.
இருக்கியா,
இருக்கேன்.
ராத்திரி முழுக்க அவ்வளவுதான்.

சோதனை நாள்.
ஹூட்டர் படிக்கட்டில் இருந்தது,
வரைபடம் சொன்ன இடத்தில்.
கதவைச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டு
பூங்காவனத்தைப் படுக்கச் சொன்னேன்.
மீட்டரை அவள் காதருகில் பிடித்தேன்.
ஐம்பத்தெட்டு.
தூங்குபவர் தலைமாட்டில்
எழுபத்தைந்து டெசிபல் வேண்டும்.

"சரக்கு தூங்குமாம்மா?" என்றார் துரைசிங்கம்.
"அப்போ பாயை எண்ணி
வரைபடத்தில எழுதுங்க" என்றேன்.
பதினோரு நாள் பில் நின்றது.
இதயதுல்லா வேறு வேலைக்குப் போய்
கருப்பூர் வெள்ளைப் புழுதியோடு திரும்பினான்.
பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டார்கள்.
ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அறைக்குள்ளேயே இரண்டு ஹூட்டர்.
எண்பத்தொன்று.
படுத்திருந்தவள் துள்ளி எழுந்து
சிரித்தாள்,
பிறகு சிரிக்காமல்
கதவுக்கு ஓடி இழுத்தாள்.

இழுத்தாள்.
உள்பக்கமாகத் திறக்கிற கதவு.
முப்பத்தொரு பேர் தள்ளினால்
சுவர்தான் அது.

தச்சர் வேலை, என் கணக்கில் இல்லை.
கையெழுத்துக்காகத் திறந்த பேனாவை
மூடி போட்டுப் பையில் வைத்தேன்.
கீழே துரைசிங்கம்
ஸ்வீட் பாக்ஸோடு காத்திருந்தார்.