சரிசெய்யத் தட்டவும்

விசுவமடுச் சந்தியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால்
பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில் என் கடை.
பத்தடி அகலம் வராது.
செவ்வாய் பின்னேரம் கேதாரகௌரி வந்தா,
பாவாடை விளிம்பெல்லாம் கச்சான் தோட்டத்து மண்.
"ராத்திரி போன் தன்பாட்டில புதிசாகிட்டுது தங்கச்சி.
காலமை பாத்தா, காட்டைத் தெரியாதாம் எண்டுது."

திரையில் இருந்தது:
எஸ்டி காட் பழுதடைந்துள்ளது.
சரிசெய்யத் தட்டவும்.

"தட்டினீங்களா அக்கா?"
"இல்லை. சரிசெய்யிறன் எண்டு தானா வந்து கேக்கிறவையை
நான் கனகாலமா நம்புறேல்லை."

எனக்கு மூச்சு வந்தது.
தட்டியிருந்தால் அடுத்த கேள்வி போர்மற்.
அதற்கும் ஆம் என்றிருந்தால்
முப்பத்திரண்டு ஜீபியும் வெறுமையாய்
காட் மிகச் சரியாகியிருக்கும்.

உள்ளே என்ன என்று நான் யாரிடமும் கேட்பதில்லை.
அவவே சொன்னா.
குழுக்கடன். புதன்தோறும் கட்டின காசு.
அவன் கையெழுத்துப் போட்ட கையோடு
ஒவ்வொரு புதனும் கொப்பியைப் படம் எடுத்திருக்கிறா.
சரிபார்க்க வேணும் என்று கொப்பியைக் கொண்டுபோனவன்
மூன்று கிழமை நிலுவை என்று
வேறொரு கொப்பியோடு வந்திருக்கிறான்.
நாளைக்குப் புதன்.

பள்ளிக்கூட அழிறப்பரால் காட்டின் பொன் பற்களைத் தேய்த்தேன்.
மேசைக்குக் கீழ் கிடந்த பழைய போனில் போட்டேன்.
அதற்கு அரைகுறையாய் ஞாபகம்:
கோப்புகள் இருக்கு, பெயரெல்லாம் கேள்விக்குறி.
மடிக்கணினியும் அதே கேள்வியைத்தான் கேட்டது,
கொஞ்சம் மரியாதையாய்.
ரத்துச் செய்.

நாலு வருசம் முகமாலையில் முழங்காலில் நின்றவள் நான்.
முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்க
ஒரு சாண் மண்ணை ஒரு மணித்தியாலம் வாசித்திருக்கிறேன்.
அந்த வேலை முடிந்து அனுப்பினபோது
ஒரு சான்றிதழும் இந்தக் கைநிதானமும் தந்தார்கள்.

ஆகவே காட்டைத் தொடவில்லை.
அப்படியே ஒரு நகல் எடுத்தேன், பழுதையும் சேர்த்து.
நகலில் தோண்டினேன்.
திரையில் பச்சைக் கட்டங்கள், இடையிடையே சிவப்பு.
சிவப்பில் நின்று மூன்று தரம் கேட்கும்,
பதில் வராவிட்டால் சுற்றிக்கொண்டு போகும்.
நாங்களும் சிவப்புக் கட்டை நட்டவர்கள்தான்.
ஆனால் சுற்றிக்கொண்டு போனதில்லை.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
பற்றரியில் நாற்பது வீதம்.
கேதாரகௌரி பேக்கரியில் இரண்டு பணிஸ் வாங்கி வந்தா.
கடைசி பஸ் போகிற சத்தம் இருவருக்கும் கேட்டது,
ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு படங்கள் எழுந்தன, பெயரில்லாமல், வெறும் எண்களாய்.
கச்சான் பாத்தி. நொண்டி ஆட்டுக்குட்டி.
யாரோ பிள்ளையின் விழுந்த பல், உள்ளங்கையில்.
தவறுதலாய் எடுத்த கூரைத்தகரம், ஏழு தரம்.
பிறகு கொப்பி. கொப்பி. கொப்பி.

நிலுவை என்ற மூன்றில் இரண்டு முழுசாய்.
மூன்றாவது மேல்பாதி மட்டும்:
திகதி, ஆயிரத்து இருநூற்றைம்பது.
கையெழுத்து இருக்கவேண்டிய இடம் சாம்பல்,
மட்டப்பலகையால் இழுத்த சீமெந்து மாதிரி.

"இதுக்கு மேல வராது அக்கா."

அவ குனிந்து திரையின் மூலையில் விரல் வைத்தா.
காற்றுக்குப் பறக்காமல் தாளை அழுத்தின
ஒரு பெருவிரல். நகத்தடியில் கண்டின இரத்தம்.
"இது அவன்ர.
அண்டைக்குத்தான் என்ர படலையில
மோட்டச்சைக்கிள் ஸ்டாண்டுக்க நசிச்சவன்.
தண்ணி ஊத்தினது நான்.
இது போதும்."

ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது.
மூன்றையும் பெரிய தாளில் அச்செடுத்தேன்,
விரலை மட்டும் இன்னொரு தரம் பெரிதாய்.
கூலி சொன்னேன். பாதியைத் தந்தா,
மிச்சம் வியாழன் என்றா.
என் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவ போனை வாங்கினா,
பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி
ஒரு படம் எடுத்தா.