பின்பார்வைக் கண்ணாடி

மனாகுவாவில் அந்த வருஷம்
எனக்குக் கிடைத்தது பள்ளிக்கூட வண்டி.
காது கேளாத பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர்.
"சத்தமில்லாத சவாரி, கொடுத்துவைத்தவன் நீ"
என்றான் டீசல் போடும் எஃப்ராயின்.

சத்தமில்லை என்று யார் சொன்னது?
கூப்பிட வேண்டுமானால் இருக்கையை அறைவார்கள்,
தரைத் தகட்டை மிதிப்பார்கள்.
சிரிப்பு மட்டும்
எல்லா வண்டியிலும் வருகிற சிரிப்புதான்.

ஆளுக்கொரு கையோடு வந்தார்கள் முதலில்,
அவரவர் வீட்டில் செய்துகொண்ட கை.
லிசாண்ட்ரோவுக்குச் சாப்பாடென்றால் தொண்டையில் விரல்.
ஓதிலியாவுக்கு வயிற்றில் இரண்டு தட்டு.
இருவருக்கும் பசித்தது.
ஒருவர் பசி ஒருவருக்குப் புரியவில்லை.

வகுப்பில் டீச்சர் உதட்டை அகட்டி அகட்டி
ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பாள்.
மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்திருப்பார்கள்.
மூன்று மணிக்கு என் வண்டியில் ஏறியதும்
பள்ளிக்கூடம் தொடங்கும்.

தொண்டை விரலும் வயிற்றுத் தட்டும்
சில வாரம் சண்டை போட்டன.
பிறகொரு நாள் கண்ணாடியில் பார்க்கிறேன்,
எல்லா உதட்டருகிலும் குவிந்த ஐந்து விரல்.
யார் கொண்டுவந்தது, தெரியாது.
சந்தைச் சில்லறைபோல்
கை மாறிக் கை மாறி, முனை தேய்ந்து
எல்லாருடையதும் ஆகியிருந்தது.

மூன்றாம் வருஷம் யெல்பா ஏறினாள்.
ஐந்து வயது, முன்பல் இல்லை.
பெரியவர்கள் உடம்பையே ஆட்டிச் சொன்னதை
மணிக்கட்டில் சொல்லிவிடுவாள்.
பந்து மேட்டிலிருந்து உருண்டுவந்ததை
அவர்கள் ஒரே சுழற்றலாகக் காட்டினால்
இவள் பிட்டு வைப்பாள்:
உருளல். அப்புறம் இறக்கம்.
பிட்டுவைத்ததை வேறு எதனோடும் சேர்க்கலாம்.
மீசை அரும்பிய லிசாண்ட்ரோ
மெதுவாக, மெதுவாக என்று
அந்தப் பொடிசிடம் கெஞ்சினான்,
தான் வெட்டிய பாதையில் தானே பின்தங்கி.

அப்போதும் விளையாட்டு என்றே நினைத்தேன்.

அக்டோபர் மழை. ஏரிக்கரைத் திருப்பம்.
சக்கரத்தில் எதுவோ ஏறி இறங்கியது.
நாய். பழுப்பு.
நான் நிறுத்தவில்லை.
"குறுக்கே பாய்ந்தது, என்ன செய்ய"
என்றேன் தலைமையாசிரியரிடம்,
இலக்கணம் பிசகாத ஸ்பானிஷில்.

மறுநாள் வெயில்.
மழை இல்லை, ஏரி இல்லை, நாய் இல்லை.
யெல்பா பின்னிருக்கைமேல் ஏறி நின்றாள்.
தோளுக்குப் பின்னால் கையை எறிந்தாள்: நேற்று.
காற்றில் ஓரிடத்தைத் தொட்டாள்: நாய்.
இன்னோரிடம்: வண்டி.
பிறகு வலக்கை மோதிரவிரலை மடக்கினாள்.

மர மில்லில் நான் விட்டுவந்த விரல் அது.
எனக்கொரு பெயர் இருந்திருக்கிறது,
எத்தனை நாளாகவோ.

மடங்கிய விரல் வண்டி ஓட்டியது.
கண் சாலையில் இல்லை.
கண் மேலே, கண்ணாடியில், நம்மேல்.
நாய் பாயவில்லை.
முதலில் தொட்ட அதே இடத்தை மறுபடி தொட்டாள்,
நாய் அங்கேயேதான் இருந்தது:
நின்றுகொண்டிருந்தது.

அத்தனை முகங்களும் திரும்பின.
கண்ணாடியைச் சாய்த்துவிட்டேன்.

பின்னாளில் கேமராவோடு நிபுணர்கள் வந்தார்கள்.
இது எப்போது மொழியானது என்று
டீச்சர்களிடம் கேட்டார்கள், பதிவேடு புரட்டினார்கள்.
என்னிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்கள்,
ஸ்பானிஷ் பெயரை.
எனக்குக் கிழமை முதற்கொண்டு தெரியும்.
சொல்லவில்லை.
என்னவென்று சொல்வது?
என் பொய் பிடிபட்ட வியாழக்கிழமை என்றா?

அந்த வெள்ளி காலை
அவள் தெருமுனையில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.
கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பழகியதை
முதல்தடவை என் கையால் செய்தேன்:
மடங்கிய விரல். நாய். பார்க்கவில்லை.
நெஞ்சில் முஷ்டி வைத்து ஒரு வட்டம்.

யெல்பா வெகுநேரம் பார்த்தாள்.
என் முஷ்டியைப் பிடித்து
எதிர்த்திசையில் சுற்றிவிட்டாள்,
கண்ணாடியில் கற்றவன் கை
இடவலம் மாறித்தானே இருக்கும்.

மன்னித்தாளா, தெரியாது.
உச்சரிப்பைத் திருத்திவிட்டு
ஏறிப்போய் உட்கார்ந்தாள்.