ரா

கேமரா கல்யாண ஸ்டுடியோவுடையது.
விடிகாலை நாலரை முகூர்த்தத்துக்கு முன்னால்
சேவுகனின் மச்சான் கையில் இருக்க வேண்டும்,
பேட்டரி நிறைந்து, லென்ஸ் துடைத்து,
நாங்கள் தொட்ட சுவடே இல்லாமல்.

ஒன்பதரைக்குக் கார்டில் அந்த மென்பொருளை ஏற்றினோம்.
கேமரா செத்தால் நாங்கள் பொறுப்பில்லை
என்று முதல் திரையிலேயே எழுதியிருந்தது.
ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.
சிக்கந்தர், "செத்தா அறுபதாயிரம்" என்றான்,
யாரும் கேட்காமலே.

காரைக்குடிக்கு வருகிறவர்கள் எல்லோரும்
தேக்குத் தூணைப் படமெடுக்கிறார்கள்.
நாங்கள் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.
புரோட்டாக் கல்லின் தீ ஒருபக்கம்
ஷட்டர் இறக்கிய கடைகளின் இருட்டு ஒருபக்கம்.
சோதனைக்கு வேறென்ன வேண்டும்.

ரா என்றால் என்ன என்று மாஸ்டர் கேட்டார்.
சமைக்காதது, என்றாள் ஸ்டெல்லா.
கேமரா உள்ளுக்குள் உப்பு உறைப்புப் போடாமல்
கண்டதை அப்படியே கொட்டிவிடும்.
"ரான்னா ராத்திரின்னுல்ல நெனச்சேன்"
என்று மாவை வீசினார்.

சத்தம் பதியாது. ஸ்டெல்லா ஃபோனில் பதிவை ஓடவிட்டு
லென்ஸுக்கு முன்னால் ஒரு தடவை கை தட்டினாள்.
நான் போகஸ் வளையத்தில்.
மூலையில் பச்சைப் புள்ளி,
மஞ்சளாகி,
சிவப்பாகி
நின்றுவிட்டது.
பதினேழு நொடி. நானூற்றெட்டு பிரேம்.
கார்டு விழுங்குவதைவிட வேகமாக
கேமரா ஊட்டியிருக்கிறது.
மறுபடி எடுத்தோம். பதினாறு.
மறுபடி. பதினேழு.
தேவகோட்டை பஸ் திரும்பி முடிப்பதற்குள்
ஒவ்வொரு முறையும் பாதி பஸ்தான் கிடைத்தது.

அப்படியென்றால் நம் படத்தில்
யாரும் பதினேழு நொடிக்குமேல் அழக்கூடாது
என்றான் சிக்கந்தர்.

செக்காலை ரோட்டில் அவன் மாடி அறை.
லேப்டாப்பின் விசிறி அரிசி மில் மாதிரி இரைந்தது.
ஒன்றரை ஜிபி பிரேம் பிரேமாகப் பிரிய
பதினோரு நிமிஷம்.
முதலில் சாம்பலாக, உயிரே இல்லாமல் வந்தது.
இதுக்கா இவ்வளவு, என்று நினைத்தேன்.
சேவுகன் வண்ணத்தை ஏற்றினான்.
தீ தீயானது. மாஸ்டர் முழங்கையின்
மயிர் பொசுங்கிய இடம்கூடத் தெரிந்தது.
ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள்.

"நிழலை ஏத்துடா, நிழலை."

ஏற்றினான்.
கறுப்பு பழுப்பாகி
பழுப்புக்குள் ஷட்டரின் வரிகள் வந்து
பூட்டு வந்து
பூட்டுக்குக் கீழே படியில்
மடியில் தூக்குச்சட்டியோடு
ஒரு ஆள்.

சாப்பிடவில்லை. யாருக்கும் காத்திருக்கவுமில்லை.
பதினேழு நொடியும்
பஸ் வருவதையும் பார்க்கவில்லை.

அரிசி மில்லில் ரா ஷிப்ட் என்று
தினமும் எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்.
போன தீபாவளிக்கு எங்கள் மூன்று பேருக்கும்
மில் போனஸில் சட்டை எடுத்துத் தந்தவர்.

சேவுகன் எதுவும் சொல்லவில்லை.
நிழலின் குமிழை விரலால்
மெல்ல இடப்பக்கம் தள்ளினான்.
தூக்குச்சட்டி முதலில் போனது. பிறகு முகம்.
பிறகு பூட்டு.
கடைசியில் நல்ல, கனமான கறுப்பு.

"நாய்ஸ் கம்மிதான்" என்றான் சிக்கந்தர்,
திரையைப் பார்க்காமல்.
நோட்டில் எழுதினேன்:
பதினேழு நொடி. இருட்டில் விவரம் நிற்கிறது.

மூன்றரைக்குக் கார்டை அழித்துக் கொடுத்தோம்.
கல்லுக்கட்டியில் பூக்கடைகள் திறந்திருந்தன.
வண்டியின் பின்னால் உட்கார்ந்து,
பையை நெஞ்சோடு பிடித்தபடி
சேவுகன் சொன்னான்,
"படத்தைப் பகல்லயே எடுத்துரலாம்."